மர்ம நாவலும் காட்டுக் காவலனும்: வாசகர் கருத்து வரலாற்றில் ஓர் ஆய்வு

முன்னுரை

தமிழ் நாவலின் வரலாற்றை எழுதியோர் நூல்களைப் பற்றியும் நூலாசிரியர்களைப் பற்றியும் விரிவாகக் கூறியுள்ளனர். அந்நூல்களைப் படித்தோர் யாது கருதினர் என்பது பற்றி அவர்கள் கூறியது குறைவு. குறிப்பாக, மர்ம நாவல் என்றும் துப்பறியும் நாவல் என்றும் வழங்கும் வகையைப் பொறுத்தவரை அறிஞர் கருத்தே வாசகர் கருத்தின் இடத்தையும் பிடித்துக்கொண்டது. அறிஞர் அவ்வகையை இழித்துரைத்தனர். வாசகரோ அதனைப் பெருவிருப்பொடு படித்தனர். இவ்விரு சாராரிடையே நின்ற வேறுபாடு, நீதி என்பதைத் தமிழ் மக்கள் எவ்வாறு கருதினர் என்பதை அறிதற்குரிய நல்லதொரு சான்றாகும்.

அச்சான்றினை ஆராய்தற்கு ஒரு வினா துணை செய்கிறது. அமெரிக்க நாட்டில் சி. ஜே. பாக்ஸ் என்பார் 2001ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஓப்பன் சீசன்' என்னும் மர்ம நாவலின் தலைவன் நாட்டுப்புறத்து வேட்டைக் காவலன் ஒருவன். அவனைத் தலைவனாகக் கொண்டு தொடர்ந்து பல நாவல்கள் வெளிவந்துள்ளன. தமிழில் துப்பறியும் நாவல் தோன்றி ஒரு நூற்றாண்டுக்கு மேலாகிறது. கோவிந்தன், திகம்பர சாமியார், சாம்பு, சங்கர்லால் எனப் புகழ் பெற்ற துப்பறிவோர் வரிசை ஒன்றும் நம்மிடம் உண்டு. அவ்வரிசையில் காட்டுக் காவலன் ஒருவனும் இல்லை. மலையும் காடும் மிக்க நாட்டில் இஃது ஏன் என்பதே வினா. எழுத்தாளரின் கற்பனைக் குறைவை இதற்குக் காரணமாகக் கூறுவது பொருந்தாது என்பதும், காவலன் எனப்படுவோன் எத்தகையன் என்பது பற்றி வாசகர் உள்ளத்தில் வேரூன்றிய கருத்தே காரணம் என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

1. பழையனூர் நீலி கதையும் அதன் கேட்போரும்

அச்சு நூல் தோன்றுதற்கு முன்பே கொலையும் மறைவும் வழக்கும் தீர்ப்பும் அமைந்த கதைகள் தமிழகத்தில் வழங்கின. அவற்றுள் பழையனூர் நீலி கதை தலையாயது. அக்கதை நிகழ்ந்த இடமாகக் கூறப்படும் பழையனூர், திருவாலங்காட்டை அடுத்த ஊராகும். சென்னை–அரக்கோணம் இருப்புப்பாதையில் மணவூர், திருவாலங்காடு என்னும் நிலையங்கள் அடுத்தடுத்து உள்ளன. திருத்தணி மலையை மேற்கே கொண்ட இவ்வட்டாரம், தொண்டை மண்டலத்துக் கோட்டங்களுள் ஒன்றாகிய மணவிற்கோட்டத்தின் பெயரை நினைவூட்டுவது. 1905ஆம் ஆண்டில் கிடைத்த திருவாலங்காட்டுச் செப்பேடுகள், முதலாம் இராசேந்திரன் பழையனூரைத் திருவாலங்காட்டு இறைவனுக்கு அளித்த செய்தியைக் கூறுகின்றன. ஆகவே கதையின் களம் வரலாற்றில் நன்கு அறியப்பட்ட ஊர் என்பதில் ஐயமில்லை.

கதை பலரும் அறிந்ததே. ஒருவன் தன் மனைவியைக் கொன்றான். அவள் பேயாகி, மறுபிறவியில் வணிகனாகப் பிறந்த அவனைத் தொடர்ந்து வந்தாள். கள்ளிக் கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, தன்னைக் கைவிட்டு ஓடும் கணவன் இவன் என்று பழையனூர் வேளாளர் எழுபதின்மர் முன் முறையிட்டாள். வணிகன் அவள் பேய் என்று அரற்றினான். அவையத்தார் குழந்தை எவரிடம் செல்கிறது என நோக்கினர். அது வணிகனையே தந்தை எனச் சென்றடைந்தது. அவனுடைய வாளை வாங்கி வைத்துக்கொண்டு, அவன் உயிருக்குத் தாங்கள் பிணை என்று வாக்களித்து, இருவரையும் ஓர் அறையில் தங்கச் செய்தனர். விடிந்தபோது அவன் இறந்து கிடந்தான். எழுபதின்மரும் தாம் அளித்த வாக்கின்படி தீப்பாய்ந்து உயிர் நீத்தனர்.

துப்பறியும் கதையின் உறுப்புகள் யாவும் இதன்கண் உள. குற்றச்சாட்டு, மறுப்பு, சோதனை, பொய்ச்சான்று, தீர்ப்பு ஆகிய ஐந்தும் முறையே அமைந்துள்ளன. ஆயினும் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. இன்றைய மர்ம நாவலில் துப்பறிவோன் அறிந்ததை வாசகன் இறுதியில்தான் அறிகிறான். நீலி கதையிலோ கேட்போர் உண்மையை முன்னரே அறிவர், அறியாதார் தீர்ப்பளிப்போரே. எனவே குற்றவாளி யார் என்னும் வினாவில் கேட்போர் உள்ளம் நிற்பதில்லை. தவறிய தீர்ப்புக்குத் தீர்ப்பளித்தோர் யாது செய்வர் என்பதில் நிற்கிறது.

இக்கதையைக் கேட்டோர் கூறிய கருத்துகள் நூல்களிலேயே பதிவாகியிருத்தல் தமிழின் நற்பேறு எனலாம். சைவ மரபினர் எழுபதின்மரின் வாய்மையைப் போற்றினர். 7ஆம் நூற்றாண்டினராகிய திருஞானசம்பந்தர் திருவாலங்காட்டுப் பதிகத்தில் இந்நிகழ்ச்சியைச் சுட்டுகிறார். சேக்கிழார் புராணம் அவ்வேளாளரின் சொல் தவறாமையைச் சிறப்பிக்கிறது. சமண மரபினரோ அதே நீலியை வேறு வகையாகக் கண்டனர். நீலகேசி என்னும் நூலில் பழையனூர் நீலி, சமண முனிவர் ஒருவரை மருட்டச் சென்று, அவர் கூறிய அறத்தைக் கேட்டு மனம் மாறி, பிற சமயத்தாரோடு வாதிடும் அறிவுடையாளாகிறாள். 1936ஆம் ஆண்டில் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி இந்நூலை உரையுடன் பதிப்பித்தார். ஒரே கதையைப் பற்றி இரு சாரார் கொண்ட மாறுபட்ட கருத்துகளுக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது. ஒரு சாரார் பிணை நின்றோரின் வாக்கை நோக்கினர். மறு சாரார் குற்றம் இழைக்கப்பட்ட பெண்ணின் விடுதலையை நோக்கினர். துப்பு எவ்வாறு துலங்கிற்று என்பதை இருவரும் பொருட்படுத்தவில்லை.

இதனால் பெறப்படுவது யாது? காவலும் தீர்ப்பும் உடையோன் தன் வாக்குக்குத் தன்னையே பிணையாக வைத்தல் வேண்டும் என்பது தமிழ்க் கேட்போரின் முதல் அளவுகோல். இவ்வளவுகோலை மனத்திற்கொண்டே பிற்கால நாவல் வாசகரின் கருத்துகளை நோக்குதல் வேண்டும்.

2. காவல் என்னும் சொல்லும் காவலன் என்னும் நிலையும்

தமிழில் அரசனுக்கே காவலன் என்பது பெயர். ஊர்க்காவலரைப் பற்றிய விரிவான வருணனை மதுரைக்காஞ்சியில் உள்ளது. நள்ளிரவில் கள்வர் இயங்கும் முறையைக் கூறிய புலவர், அவர்தம் கரவுகளை நூல் நெறியால் ஆய்ந்தறிந்த காவலர் அஞ்சாது சுற்றி வருதலையும் கூறுகிறார். துப்பறிதல் ஒரு கலை எனப் பண்டைத் தமிழர் கருதினர் என்பதற்கு இப்பகுதி சான்று. குறிஞ்சித் திணையில் தினைப்புனம் காத்தல் தலைவியின் தொழில். வேட்டையாடி வரும் தலைவன், தான் எய்த விலங்கு இவ்வழி வந்ததோ எனக் கேட்பது அகத்துறைகளுள் ஒன்று. காப்போளும் வேட்டுவனும் எதிர்ப்படும் இக்காட்சியே வள்ளி திருமணக் கதையின் அடிப்படை. கந்தபுராணம் வள்ளியை மணந்த முருகன் செருத்தணியில் வந்து அமர்ந்தான் என்று கூறும். செருத்தணி என்பது திருத்தணியின் பழம் பெயர்.

சோழர் கல்வெட்டுகளில் பாடிகாவல் என்னும் வரி வழங்குகிறது. ஊரார் காவலுக்கென இறுத்த வரி அது. முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகள், பெரிய கோயிலுக்குத் திருமெய்காப்பினரை ஊர்ச்சபையார் அனுப்ப வேண்டும் என்றும், அவர்க்குரிய ஊதியத்தை ஊராரே அளிக்க வேண்டும் என்றும் விதிக்கின்றன. ஊதியம் தருவோர் ஊரார் ஆதலின் காவலன் ஊராருக்குக் கடன்பட்டவன். பாளையக்காரர் காலத்தில் இம்முறை பல கேடுகளுக்கு உள்ளாயிற்று. காவற்பணம் என்ற பெயரால் கொள்ளையும் நடந்தது. எனினும் காவலன் ஊரோடு உறவுடையவன் என்னும் எண்ணம் மறையவில்லை. கருப்பன், ஐயனார், முனியன் ஆகிய காவல் தெய்வங்கள் ஊர் எல்லையில் நிற்பது இவ்வெண்ணத்தின் சமய வடிவம்.

1859ஆம் ஆண்டின் போலீஸ் சட்டம் சென்னை மாகாணத்துக் காவலை அரசின் துறையாக்கிற்று. அதன்பின் காவலன் ஊதியம் பெற்றது அரசிடம். அவன் விடை கூறியதும் அரசுக்கே. வாசகர் கருத்தின் வரலாற்றில் இம்மாற்றம் பெரிதும் கருதத் தக்கது.

3. துப்பறியும் நாவலின் வருகை

1879ஆம் ஆண்டில் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரம் தமிழின் முதல் நாவல் எனப்படும். பதினைந்து ஆண்டுகளுக்குள், 1894ஆம் ஆண்டில், பண்டித ச. ம. நடேச சாஸ்திரியின் தானவன் வெளிவந்தது. போலீஸ் நிபுணன் ஒருவன் கண்டுபிடித்த குற்றங்களைக் கூறும் அந்நூல் தமிழின் முதல் துப்பறியும் நூலாகக் கருதப்படுகிறது. தென்னிந்திய நாட்டுக்கதைகளைத் தொகுத்து ஆங்கிலத்தில் வெளியிட்டவரும் அவரே என்பது நினைக்கத்தக்கது. நாட்டுக்கதையைக் கேட்டுப் பழகியோரின் சுவையை நன்கறிந்தவரிடமிருந்து முதல் துப்பறியும் நூல் வந்தமை தற்செயல் அன்று.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜே. ஆர். ரங்கராஜு, ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார் ஆகிய மூவரும் இவ்வகையைப் பெருக்கினர். ரங்கராஜுவின் ராஜாம்பாள், சந்திரகாந்தா முதலிய நாவல்களில் துப்பறியும் கோவிந்தன் தோன்றுகிறான். ஆரணியார் ஆங்கிலத்தில் ரெயினால்ட்ஸ் முதலியோர் எழுதிய கதைகளைத் தழுவித் தமிழ்ப் பெயரும் தமிழ்ச் சூழலும் அமைத்து எழுதினார். நாகவேடு முனிசாமி முதலியார் 1915ஆம் ஆண்டில் தொடங்கிய ஆனந்தபோதினி என்னும் திங்களிதழில் அவர் ஆசிரியராக விளங்கினார். வடுவூராரின் மேனகா, கும்பகோணம் வக்கீல் முதலியன திகம்பர சாமியார் என்னும் துறவியைத் துப்பறிவோனாக நிறுத்தின. 1925ஆம் ஆண்டு முதல் வை. மு. கோதைநாயகி அம்மாள் ஜகன்மோகினி இதழை நடத்தி, பெண்டிரிடையே நாவல் வாசிப்பைப் பரப்பினார்.

இந்நூல்களின் பரவலுக்கு இருப்புப்பாதையும் ஒரு காரணம். 1856ஆம் ஆண்டில் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை திறக்கப்பட்ட பாதையே தென்னிந்தியாவின் முதல் இருப்புப்பாதை. மணவூர் வழியாகச் செல்வது அதுவே. பயணம் நீண்டது, பயணிகளுக்குப் படிக்க எளிய நூல் வேண்டியிருந்தது, நிலையப் புத்தகக் கடைகள் அத்தேவையை நிறைவு செய்தன. முனைவர் ஆ. இரா. வேங்கடாசலபதி, நாவலும் வாசிப்பும் என்னும் நூலில் (2002), பலர் கூடி ஒருவர் வாய்விட்டுப் படிக்கக் கேட்ட பழக்கம் மாறித் தனியொருவர் வாய்விடாது படிக்கும் பழக்கம் தோன்றியமையை விளக்கியுள்ளார். நீலி கதையைக் கேட்ட அவையோர் தம் கருத்தை அங்கேயே உரைத்தனர். தனித்துப் படிக்கும் வாசகரின் கருத்தை அறிதற்கு வேறு சான்றுகளைத் தேடவேண்டியுள்ளது.

4. வாசகர் கருத்துக்குரிய சான்றுகள்

அச்சான்றுகள் நான்கு வகைப்படும். மீண்டும் மீண்டும் வந்த பதிப்புகள் முதலாவது. ராஜாம்பாள் பல பதிப்புகள் கண்டது. ஆசிரியரின் முகவுரைகள் இரண்டாவது. அக்கால நாவல் முகவுரைகளில் வாசகர் பாராட்டும் வாசகர் கண்டனமும் எதிரொலிக்கின்றன. நாடகமும் திரைப்படமும் மூன்றாவது. ராஜாம்பாள் 1935ஆம் ஆண்டிலும் 1951ஆம் ஆண்டிலும், மேனகா 1935ஆம் ஆண்டிலும், சந்திரகாந்தா 1936ஆம் ஆண்டிலும், திகம்பர சாமியார் 1950ஆம் ஆண்டிலும் திரைப்படங்களாயின. முதலீட்டார் மக்கள் விருப்பத்தை அறியாது பொருள் செலவிடார். நான்காவது, எதிர்ப்பாளரின் எழுத்து. ஒன்றைக் கடிந்துரைப்போர் அது எத்துணைப் பரவியிருந்தது என்பதைத் தம்மை அறியாமலே கூறிவிடுகின்றனர்.

எதிர்ப்பாளரின் வாதங்கள் மூன்றாகத் திரண்டன. நாவல் ஒழுக்கத்தைக் கெடுக்கும், சிறப்பாக இளைஞரையும் பெண்டிரையும் கெடுக்கும் என்றனர் சமயச் சார்பினர். மொழித்தூய்மையைக் கெடுக்கும் என்றனர் புலவர். ஆங்கிலக் கதையின் தழுவல், ஆதலின் படைப்பன்று என்றனர் மணிக்கொடிக் காலத்து எழுத்தாளர். 1968ஆம் ஆண்டில் தமிழ் நாவல் இலக்கியம் என்னும் நூலை எழுதிய பேராசிரியர் க. கைலாசபதி முதலியோர், இவ்வகை நாவல்களின் பெருக்கத்தைச் சமூகக் காரணங்களோடு பொருத்தி ஆராயத் தலைப்பட்டனர். மறைமலையடிகள் போன்ற பெரும்புலவரும் ரெயினால்ட்ஸின் கதையொன்றைத் தழுவிக் குமுதவல்லி (1911) எழுதியமை, புலவர்க்கும் வாசகர்க்கும் இடையே இருந்த தொலைவு சிலர் எண்ணுமளவு பெரிதன்று என்பதைக் காட்டும்.

இனி, வாசகர் விரும்பிய துப்பறிவோர் எத்தகையர் என்று நோக்குவோம். திகம்பர சாமியார் பொருளாசை துறந்தவர். கோவிந்தன், ஏமாற்றப்பட்ட குடும்பங்களுக்குத் துணையாக வருபவன். தேவன் ஆனந்த விகடனில் படைத்த துப்பறியும் சாம்பு, அறிவினால் அன்றி நற்பேற்றினால் வெல்பவன். அவனைக் கண்டு வாசகர் நகைத்தனர், அஞ்சவில்லை. தமிழ்வாணனின் சங்கர்லால் அரசுப் பதவியின் பெயரால் யாரையும் அச்சுறுத்தாத நகரத்து நாகரிகர். இவர்கள் அனைவரிடத்தும் ஒரு பொதுமை உண்டு. எவரும் தம் அதிகாரத்தினால் ஏழையை வருத்துபவராகக் காட்டப்படவில்லை. வாசகர் தம் வீட்டு வாயிலில் நிற்கக் கண்டால் மகிழ்ந்து வரவேற்கத்தக்கவரையே துப்பறிவோராக ஏற்றனர் என்பது தெளிவு.

கதைப்பாடல் மரபும் இதனையே வலியுறுத்தும். மதுரை வீரன் கள்வரை அடக்கும் காவற்பணி பூண்டவன். முறையற்ற தண்டனை பெற்று மாண்டவன். காவலனாயிருந்தும் அதிகாரத்தின் கொடுமைக்கு இரையானமையால் மக்கள் அவனைத் தெய்வமாக்கினர். 1956ஆம் ஆண்டில் வந்த மதுரை வீரன் திரைப்படம் பெற்ற பெருவெற்றி அவ்வுணர்வு மங்காமையைக் காட்டிற்று.

5. காட்டுச் சட்டமும் மக்கள் கருத்தும்

காட்டுக் காவலன் இவ்வரிசையில் இடம் பெறாமைக்குரிய காரணம் இப்போது புலனாகும். 1882ஆம் ஆண்டில் சென்னை மாகாணக் காட்டுச் சட்டம் நிறைவேறிற்று. ஜெர்மானியரான பிராண்டிஸ் இதன்பொருட்டு மாகாணத்துக்கு வந்து ஆய்வுரை வழங்கினார். அதன்படி பெரும் பரப்புகள் ஒதுக்குக் காடுகளாயின. விறகும் தழையும் தேனும் எடுத்தல், ஆடுமாடு மேய்த்தல் ஆகியவை உரிமை என்னும் நிலையிலிருந்து இசைவு என்னும் நிலைக்கு இறங்கின. நேற்று வரை வழக்கமாயிருந்தது இன்று குற்றமாயிற்று. இதற்கு மூன்றாண்டுகட்கு முன்னரே, 1879ஆம் ஆண்டில், நீலகிரி வேட்டை மற்றும் மீன் பாதுகாப்புச் சட்டம் தோன்றியிருந்தது. 1877ஆம் ஆண்டில் அமைந்த நீலகிரி வேட்டைச் சங்கத்தார் வெள்ளை வேட்டையாளர். வேட்டை விலங்கு வேட்டையாளருக்குக் குறையாதிருத்தற்பொருட்டே அங்கே பாதுகாப்பு முதலில் எழுந்தது.

சிற்றூராருக்குச் சட்டம் தெரியாது; கார்டு, வாட்சர், ரேஞ்சர் ஆகியோரையே தெரியும். மாடு பிடிபட்டால் அபராதம், தழை வெட்டினால் வழக்கு, வழக்கைத் தவிர்க்கக் கையூட்டு என்பன அன்றாட நிகழ்ச்சிகளாயின. குறைகள் மிகவே அரசு 1913ஆம் ஆண்டில் காட்டுக் குழு ஒன்றின் வாயிலாக ஆராய வேண்டியதாயிற்று. காட்டுப் பஞ்சாயத்துகள் அதன் விளைவாகத் தோன்றின. ஆயினும் கசப்பு தீரவில்லை. அக்காலத்துச் சென்னை மாகாணத்தைச் சார்ந்த பல்நாட்டில் 1921ஆம் ஆண்டில் காட்டுச் சத்தியாக்கிரகம் எழுந்தது. அதன் தலைவர் கன்னெகண்டி அனுமந்து 1922ஆம் ஆண்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டில் கோதாவரி மலைப்பகுதியில் அல்லூரி சீதாராம ராஜு தொடங்கிய கிளர்ச்சிக்கும் காட்டு விதிகள் ஒரு காரணம்.

கோவிந்தனும் திகம்பர சாமியாரும் புகழ் பெற்ற காலமும் இதுவே என்பது நோக்கற்பாலது. அக்காலத்து நாவலாசிரியர் ஒருவர் ஒதுக்குக் காட்டின் காவலனைத் தலைவனாக்கியிருப்பின், வாசகர் அவனிடம் கேட்டிருக்கக்கூடிய முதல் வினா, நீ யாருக்குப் பிணை என்பதாகவே இருந்திருக்கும்.

இந்நிலை தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் அரசனுடைய மானைக் கொன்ற ராபின் ஹூட் கதைப்பாடல்களின் தலைவன். காட்டுக் காவலர் அவனால் ஏமாற்றப்படுவோர். 1723ஆம் ஆண்டின் கறுப்புச் சட்டம் முகத்தில் கரி பூசி மான் வேட்டையாடுவோருக்கு மரண தண்டனை விதித்தது. அச்சட்டம் யாருடைய நலனுக்கு உதவிற்று என்பதை வரலாற்றறிஞர் ஈ. பி. தாம்சன் 1975ஆம் ஆண்டில் ஆராய்ந்து வெளியிட்டார். காடு ஒரு சிலருடைய உடைமையாயிருக்கும் நாட்டில், காவலன் பக்கம் நின்று கதை கேட்போர் சிலரே.

6. அமெரிக்க நாவலின் வேறுபாடு

இதனோடு அமெரிக்க நாவலை ஒப்பிடின் வேறுபாடு விளங்கும். அந்நாட்டில் காட்டு விலங்கு தனியொருவரின் உடைமையன்று. மக்கள் பொருட்டு மாநிலம் அதனைப் பொறுப்பாகக் காக்கிறது என்னும் கொள்கையை 1896ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் ஏற்றது. உழவனும் தொழிலாளியும் உரிமம் பெற்று வேட்டையாடலாம். ஆதலின் வேட்டைக் காவலன் பெருநிலக்கிழாரின் ஏவலாள் என்னும் எண்ணம் அங்கு வலுப்பெறவில்லை.

பாக்ஸ் படைத்த ஜோ பிக்கெட், வயோமிங் மாநிலத்தில் குறைந்த ஊதியத்தில் குடும்பம் நடத்தும் காவலன். உரிமமின்றி மீன் பிடித்த ஆளுநரையே பிடித்தவன் என்னும் பெயர் அவனுக்கு உண்டு. அதே வேளையில், சட்டத்தை மீறி வேட்டையாடிய ஒருவன் அவனுடைய துப்பாக்கியையே பறித்துவிட்ட இழிவும் உண்டு. அப்படிப் பறித்தவன் பின்னர்ப் பிக்கெட்டின் வீட்டு விறகுக் குவியலில் இறந்து கிடக்கிறான். மர்மம் அங்கே தொடங்குகிறது. அழிந்துபோனதாகக் கருதப்பட்ட சிற்றுயிர் ஒன்று உயிரோடிருப்பதை மறைக்க முயல்வோரே கதையின் எதிர்த்தரப்பினர். 1973ஆம் ஆண்டின் அருகிவரும் உயிரினச் சட்டத்தால் நிலவுடைமையாளருக்கும் தொழில் நிறுவனத்துக்கும் உண்டாகும் இழப்பு பற்றிய பூசல் கதைக்குள்ளேயே பேசப்படுகிறது.

இத்தகைய நாவலை வாசகர் இரு வகையாக மதிப்பிட இடமுண்டு. காவலனின் குறைகளையும் குடும்ப அன்பையும் கண்டு அவனைத் தம்முள் ஒருவனாக ஏற்பது ஒன்று. அரசின் சட்டம் சிற்றூர் மக்கள் வாழ்வைக் குலைக்கிறதோ என்று ஐயுறுவது மற்றொன்று. இவற்றுள் முதலாவது, பெரியோனையும் சட்டத்துக்கு உட்படுத்தும் காவலன் என்னும் அளவுகோலால் நிற்கிறது. ஆளுநரைப் பிடித்த செய்தி கதையில் இடம் பெற்றதன் பயன் இதுவே. எழுபதின்மர் தம் உயிரைப் பிணை வைத்தனர். பிக்கெட் தன் பதவியைப் பிணை வைக்கிறான். களமும் காலமும் வேறாயினும் வாசகர் வேண்டுவது ஒன்றே.

7. தமிழகத்தில் எதிர்ச்சான்றுகள்

தமிழ் மக்கள் விலங்குகளையும் பறவைகளையும் காப்பதில் விருப்பமற்றவர் ஆதலின் காட்டுக் காவலனை வெறுத்தனர் என்று கூறுவார் உளராயின், அவர்க்கு வேடந்தாங்கல் விடையளிக்கும். தொண்டை மண்டலத்துச் சிற்றூராகிய அவ்வூரின் ஏரியில் பறவைகளை வெள்ளையர் சுட்டபோது, ஊரார் முறையிட்டனர். செங்கற்பட்டுக் கலெக்டராயிருந்த லயோனல் பிளேஸ் 1798ஆம் ஆண்டில் அவர்களுடைய உரிமையை ஏற்றுக் கௌல் வழங்கியதாகவும், 1858ஆம் ஆண்டில் அது புதுப்பிக்கப்பட்டதாகவும் கூறுவர். பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாகும் என்பது ஊராரின் பட்டறிவு. அங்கே காவலர் ஊராரே. சட்டத்தை மீறியோர் துப்பாக்கி ஏந்திய அதிகாரிகள். காவலன் ஊரோடு கடன்பட்டவன் என்னும் பழைய எண்ணம் வேடந்தாங்கலில் நூற்றாண்டுக் கணக்கில் உயிரோடிருந்தது.

மற்றொரு சான்றினைக் கென்னத் ஆண்டர்சனின் வேட்டை நூல்கள் தருகின்றன. 1954ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய முதல் நூலில், தமிழகத்தின் வடமேற்கு எல்லைக் காடுகளும், சித்தூர் மாவட்டத்துச் சாமலா பள்ளத்தாக்கும் களங்களாகின்றன. திருத்தணி வட்டாரமும் அந்நாளில் சித்தூர் மாவட்டத்தைச் சார்ந்தே இருந்தது. எல்லை மாற்றச் சட்டத்தின்படி 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள்தான் அது சென்னை மாநிலத்தோடு இணைந்தது. ஆட்கொல்லிப் புலியின் அடிச்சுவடு, முறிந்த கிளை, இரத்தத் துளி ஆகியவற்றைக் கொண்டு உண்மையை அறியும் ஆண்டர்சனின் முறை துப்பறியும் முறையே. அவர் அச்சமுற்ற ஊராருக்குத் துணையாக வந்தவராகத் தம்மைக் காட்டிக்கொண்டமையால் வாசகர் அவரை ஏற்றனர். ஆகவே, காட்டு மர்மக் கதையைப் படிப்போர் இல்லாமலில்லை. காவலனைத் தலைவனாக ஏற்கும் நிலைதான் இல்லாதிருந்தது.

8. அண்மைக் கால மாற்றம்

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை நாடு முழுவதும் கட்டுப்படுத்திற்று. வேட்டைக்காகக் காத்தல் என்னும் பழைய நோக்கம் மறைந்து, உயிரினத்துக்காகக் காத்தல் என்னும் நோக்கம் சட்டத்தில் இடம் பெற்றது. ஆயினும் மக்கள் கருத்து ஒரே நாளில் மாறவில்லை. மாறாமைக்குத் தக்க காரணமும் இருந்தது. 1992ஆம் ஆண்டு ஜூன் திங்களில் தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தியில் சந்தனக்கட்டை தேடுவதாகக் கூறிச் சென்ற வனத்துறையினர், காவல்துறையினர், வருவாய்த்துறையினர் ஆகியோர் மலைவாழ் மக்கள்மீது கொடுமைகள் இழைத்தனர். 2011ஆம் ஆண்டில் தருமபுரி நீதிமன்றம் 215 பேருக்குத் தண்டனை விதித்தது; 2023ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்தது. இத்தீர்ப்பு வருவதற்கு ஏழாண்டுகட்கு முன், 2004ஆம் ஆண்டில், ச. பாலமுருகன் எழுதிய சோளகர் தொட்டி என்னும் நாவல், சத்தியமங்கலப் பகுதிச் சோளகர்கள் காவலர் கையில் பட்ட துன்பத்தை வாசகர் முன் வைத்தது. அதிகாரம் மறைத்ததை அந்நாவல் துலக்கியமையால், துப்பறியும் பணியை அது ஒருவகையில் ஆற்றிற்று எனலாம். அங்கே குற்றம் இழைப்போன் காவலனே.

மறுபுறம், ஜெயமோகன் 2011ஆம் ஆண்டில் எழுதிய யானை டாக்டர் என்னும் கதை பெற்ற வரவேற்பும் கருதத் தக்கது. டாப்சிலிப் காட்டில் பணியாற்றிய கால்நடை மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தியின் வாழ்வைத் தழுவிய அக்கதையைக் கூறுபவர் வனத்துறை அதிகாரி ஒருவரே. வனத்துறை அலுவலர் ஒருவரின் வாய்மொழியைத் தமிழ் வாசகர் பெருந்திரளாக நம்பிப் படித்தமை புதிய நிகழ்ச்சி. அவர் பணிந்து நிற்பது அதிகாரத்தின் முன் அன்று, தன்னலமற்ற மருத்துவரின் முன். அம்மருத்துவரோ காட்டுயிருக்குத் தம் வாழ்நாளையே பிணையாக வைத்தவர். எனவே பழைய அளவுகோல் இங்கும் மாறவில்லை. அதற்குத் தகுதியுடையோன் காட்டுத் துறையிலும் தோன்றக்கூடும் என்பதை வாசகர் ஏற்கத் தொடங்கியுள்ளனர் என்பதே மாற்றம்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று செய்திகள் பெறப்படும். முதலாவது, மர்மக் கதையைத் தமிழர் மதிப்பிட்ட முறை அச்சு நாவலோடு தோன்றியதன்று. பழையனூர் நீலி கதையைக் கேட்டோரிடமே அதன் வேர் உள்ளது. இரண்டாவது, அம்மதிப்பீட்டில் துப்புத் துலங்கும் திறத்தைவிடக் காவலன் தன் வாக்குக்கு நிற்கும் உறுதியே பெரிதாகக் கொள்ளப்பட்டது. மூன்றாவது, 1882ஆம் ஆண்டுக்குப் பின் காட்டுக் காவலன் சிற்றூராருக்குப் பிணையாக நிற்கவில்லை; ஆதலின் புகழ் பெற்ற மர்ம நாவல்களில் அவன் தலைவனாகவில்லை.

இவ்வாய்விற்கு நேர்ந்த பெருந்தடை சான்றுகளின் அழிவு. துப்பறியும் நாவல்கள் இலக்கியமல்ல என்று ஒதுக்கப்பட்டமையால் நூலகங்கள் பல அவற்றைப் பேணவில்லை. வாசகர் ஓரங்களில் எழுதிய குறிப்புகளும், கைமாறிய படிகளில் உள்ள பெயர்களும், இதழ்களுக்கு வந்த கடிதங்களும் அவற்றோடு மறைந்துகொண்டிருக்கின்றன. நீலியைப் பற்றி ஆயிரம் ஆண்டுகட்கு முன் இரு சமயத்தார் கொண்ட கருத்தை நம்மால் இன்று கூற முடிகிறது. ராஜாம்பாளைப் பற்றி நம் பாட்டியர் கொண்ட கருத்தைக் கூற முடியவில்லை. சிற்றூர்களில் எஞ்சியுள்ள நாவற் படிகளையும் திங்களிதழ்த் தொகுதிகளையும் திரட்டி, அவற்றில் உள்ள வாசகர் குறிப்புகளைப் பதிவு செய்யும் பணியை முதுகலை மாணவர்கள் மேற்கொள்வாராயின், தமிழ் நாவல் வரலாற்றின் எழுதப்படாத பாதி எழுதப்படும்.